கேர்லெஸ், நெக்லிஜென்ட், ரெக்லெஸ்: எதை எங்கே போடுவது?

ஒரு முறை அலுவலக மின்னஞ்சலில் தொகைக்குப் பின்னால் ஒரு பூஜ்ஜியத்தைக் கூடுதலாகத் தட்டிவிட்டேன். மன்னிப்புக் கடிதம் எழுதும்போது, கனமான வார்த்தையாகப் போட்டால்தான் வருத்தம் தெரியும் என்று நினைத்து, 'இது என்னுடைய ரெக்லெஸ் தவறு' என்று எழுதி, அனுப்பும் முன் மேலாளரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "அப்போ தப்புன்னு தெரிஞ்சேதான் அனுப்பினீங்களா?"

விஷயம் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. இந்த வார்த்தைகளை லேசான தப்பு, நடுத்தரத் தப்பு, பெரிய தப்பு என்று எடை போட்டு அடுக்கிக்கொள்கிறோம். அது சரியில்லை. தப்பு நடந்த நேரத்தில் மனசு எங்கே இருந்தது என்பதுதான் இவற்றைப் பிரிக்கிறது. இத்தனைக்கும் தமிழில் பேசும்போது நாம் இதில் கில்லாடிகள். மேஜை ஓரத்தில் இருந்த தம்ளரைக் கை தவறித் தட்டிவிட்டால் கவனக்குறைவு என்போம். "அங்கே வைக்காதே, விழும்" என்று சொன்ன பிறகும் "விழாது, விடு" என்று வைத்துவிட்டுப் போனால் அது அலட்சியம். ஆங்கிலத்துக்குப் போனவுடன் மட்டும் இரண்டையும் 'கேர்லெஸ்' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம்.

ஒரு கத்தியை எடுத்துக்கொள்வோம். வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது. ஏதோ யோசனையில் கத்தியைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போனால் நீங்கள் கேர்லெஸ். குழந்தையைப் பார்த்துக்கொள்ளவே சம்பளம் வாங்குகிற ஒருவர் அதே தரையில் கத்தி கிடப்பதைக் கவனிக்காமல் விட்டால் அவர் நெக்லிஜென்ட், ஏனென்றால் கவனிப்பது அவருடைய கடமை. குழந்தை பக்கத்தில் இருப்பது நன்றாகத் தெரிந்தும், வேடிக்கை காட்ட அந்தக் கத்தியை மேலே வீசிப் பிடித்தால் ரெக்லெஸ். மூன்றிலும் குழந்தைக்கு ஒன்றும் ஆகாமலே போகலாம், அப்போதும் வார்த்தைகள் மாறாது.

கேர்லெஸ்தான் இருப்பதில் சாதுவானது. தேர்வுத்தாளில் விடை தெரிந்தும் கூட்டலில் கோட்டைவிட்டால் அது 'கேர்லெஸ் மிஸ்டேக்'. இதில் 'பிள்ளைக்கு விஷயம் தெரியும், கைதான் தவறியது' என்ற ஆறுதல் ஒளிந்திருக்கிறது, அதனால்தான் பெற்றோருக்கு இந்தச் சொல் மேல் அவ்வளவு பிரியம். பழைய ஆங்கிலத்தில் 'கேர்' என்றால் துக்கம், கவலை. அப்போது கேர்லெஸ் என்பவர் கவலை இல்லாதவர். அந்த இடத்தைப் பின்னால் வந்த 'கேர்ஃப்ரீ' எடுத்துக்கொண்டது. கேர்லெஸுக்குத் திட்டு மட்டும் மிச்சம். எனவே விடுமுறையைக் கவலையில்லாமல் கழித்தேன் என்று சொல்ல 'கேர்லெஸ் ஹாலிடே' என்று எழுதிவிடாதீர்கள், கடவுச்சீட்டைத் தொலைத்துவிட்டு வந்தவர் மாதிரி இருக்கும்.

நெக்லிஜென்ட் கொஞ்சம் கோட்டு போட்ட வார்த்தை. லத்தீனில் 'எடுக்காமல் விடுவது' என்ற வேரிலிருந்து வந்தது. எடுக்க வேண்டியவர் என்று ஒருவர் இருந்தால்தானே எடுக்காமல் விட்டார் என்று குற்றம் சொல்ல முடியும்? சட்டமும் அங்கேதான் பிடிக்கிறது. 1928ல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் ஒரு பெண்மணி ஜிஞ்சர் பீர் குடிக்கிறார், வாங்கிக் கொடுத்தது தோழி. உள்ளே இருப்பது தெரியாத நிறப் பாட்டில். மிச்சத்தை ஊற்றும்போது அழுகிய நத்தை ஒன்று வந்து விழுந்தது என்பது அவர் புகார். காசு கொடுத்து வாங்கியவர் அவர் இல்லை, ஒப்பந்தம் ஏதும் கிடையாது, அப்புறம் தயாரிப்பாளருக்கு என்ன பொறுப்பு? 1932ல், அப்போது மேல்முறையீட்டுக்குக் கடைசி நீதிமன்றமாகவும் இருந்த பிரிட்டனின் பிரபுக்கள் சபை, குடிக்கப்போகிறவர் மேலும் தயாரிப்பாளருக்குக் கவனக் கடமை உண்டு என்று தீர்ப்பளித்தது. டொனஹ்யூ எதிர் ஸ்டீவன்சன் என்ற அந்த வழக்கைப் படிக்காமல் ஆங்கிலச் சட்ட மரபில் யாரும் வக்கீலாக முடியாது. ஆக, நெக்லிஜென்ட் என்று எழுதுமுன் 'இதைக் கவனிப்பது யார் பொறுப்பு' என்று கேட்டுப் பாருங்கள். பதில் இல்லையென்றால் கேர்லெஸே போதும். அதே குடும்பத்தில் 'நெக்ளெக்ட்ஃபுல்' ஒன்று உண்டு, அது கோட்டைக் கழற்றிய வீட்டு வார்த்தை: தோட்டத்தை, நண்பர்களை, உடம்பை நாள்கணக்கில் கண்டுகொள்ளாமல் விடும் பழக்கத்துக்கு. 'நெக்லிஜிபிள்' என்பதை மட்டும் பக்கத்தில் சேர்க்காதீர்கள். அது பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்குச் சின்னது என்று பொருள் தரும் வேறு ஆள்.

ரெக்லெஸுக்கு வருவோம். முதலில் ஒரு எழுத்துப் பிழை. வண்டி நொறுங்குவதைச் சொல்லும் 'ரெக்' முன்னால் டபிள்யூ வரும், இதற்கு வராது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது, அதனால் நமக்கு இந்தக் குழப்பம் இரட்டிப்பு. இந்த 'ரெக்' பொருட்படுத்துதல் என்ற பொருளுள்ள பழைய சொல், இன்று தனியாக யாரும் பேசுவதில்லை. ஆபத்து கண்ணுக்குத் தெரிகிறது, 'ஆனால் என்ன' என்று இறங்குகிறவர் ரெக்லெஸ். 1957ல் இங்கிலாந்தில் கன்னிங்ஹாம் என்பவரின் வழக்கு. காசு போட்டு இயங்கும் எரிவாயு மீட்டரைப் பணத்துக்காகச் சுவரிலிருந்து பிடுங்குகிறார், கசிந்த வாயு சுவர் வழியாக அடுத்த வீட்டுக்குப் போய் ஒரு பெண்ணை மூச்சுத்திணற வைக்கிறது. அந்தப் பெண் அவருடைய வருங்கால மாமியார்! கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்பது மட்டும் போதாது, இப்படி ஆபத்து வரலாம் என்பது அவருக்கே தோன்றியிருக்க வேண்டும் என்று சொல்லி மேல்முறையீட்டில் தண்டனையை ரத்து செய்தார்கள். 1981ல் வேறொரு வழக்கில், ஆபத்தைப் பற்றி யோசிக்கவே யோசிக்காதவரும் ரெக்லெஸ்தான் என்று வட்டத்தை அகலப்படுத்தினார்கள். 2003ல், 11, 12 வயதுச் சிறுவர்கள் இருவர் செய்தித்தாளைக் கொளுத்திப் போட்டுக் கடையே எரிந்துபோன வழக்கில் மறுபடி பழைய இடத்துக்கே வந்தார்கள். ஒரே வார்த்தைக்கு நீதிபதிகளே இத்தனை வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். நான் கடிதத்தில் தப்பாகப் போட்டதில் ஆச்சரியமில்லை.

மற்றவற்றைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். 'ஸ்லாப்பி', 'ஸ்லாப்டாஷ்' இரண்டும் வேலையின் தரம் பற்றியவை. ஸ்லாப்பி என்றால் ஒழுங்கும் சுத்தமும் இல்லாதது. ஸ்லாப்டாஷில் அவசரமும் சேரும், நம்முடைய 'ஏனோதானோ'வுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. 'தாட்லெஸ்' அடுத்தவர் மனசு நோகும் என்று யோசிக்காமல் பேசுவது, செய்வது. கணக்கில் வந்த பிழைக்கு இதைப் போடக்கூடாது. 'நான்ஷலன்ட்' குறையே இல்லை, அலட்டிக்கொள்ளாத பாவனை. நாம் 'அசால்ட்டா' என்கிறோமே அது. (அதை அப்படியே ஆங்கிலத்தில் 'அசால்ட்' என்று எழுதினால் தாக்குதல் ஆகிவிடும்.) எனக்கு மிகவும் பிடித்தது 'கேவலியர்'. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் நின்றவர்களுக்கு எதிரிகள் வைத்த பட்டப்பெயர், இன்று அடுத்தவர் கவலையை மிதப்பாக ஒதுக்கும் தோரணைக்குப் பெயர். அலட்சியம் என்ற நம் சொல்லில் இருக்கும் திமிர் இதில்தான் முழுசாக வருகிறது. 'ரெமிஸ்' கடமையில் மெத்தனம். மேடையில் 'இன்னாருக்கு நன்றி சொல்லாவிட்டால் நான் ரெமிஸ்' என்று சொல்வதற்குத்தான் அதிகம் பயன்படுகிறது. வெற்றிக் களிப்பில் அசந்து போவதை வள்ளுவர் பொச்சாப்பு என்கிறார், அதைத் தவிர்க்கச் சொல்லி ஓர் அதிகாரமே இருக்கிறது. ஆங்கிலத்தில் 'கம்ப்ளேசன்ட்' கிட்டத்தட்ட அங்கே வரும், ஆனால் அந்தக் களிப்பு அதில் பாதிதான் இருக்கிறது.

என் கடிதத்தில் மேலாளர் ரெக்லெஸை அடித்துவிட்டு 'ஓவர்சைட்' என்று எழுதினார். கண்ணில் படாமல் நழுவியது என்று பொருள். பணிவாகவும் இருக்கும், யாரும் வக்கீலைத் தேட மாட்டார்கள். ஆனால் ஒருமைக்கு முன் வரும் அந்த ஒற்றை 'ஆன்' விடக்கூடாது என்றார். 'ஆன் ஓவர்சைட்' என்றால் தவறவிட்டது. 'ஆன்' இல்லாமல் வெறும் 'ஓவர்சைட்' என்று எழுதினால் அது மேற்பார்வை, அதாவது தவறு நடந்ததற்குக் காரணம் அவர்தான் என்று நான் எழுதியதாக ஆகிவிடும்.