ஆண்டெனா கேலக்ஸி படத்தைக் காட்டி ஓட்டை டெலஸ்கோப் விற்கிறார், உஷார்

பழைய டெலஸ்கோப் செட் தேடிக்கொண்டிருக்கும் நம் பக்கத்து ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். 80 மி.மீ. லென்ஸ் டெலஸ்கோப், மோட்டார் மவுண்ட் (நட்சத்திரங்கள் நகர நகர டெலஸ்கோப்பையும் கூடவே திருப்பும் தாங்கி), கூலிங் கேமரா, மூன்றும் சேர்த்து 72,000 ரூபாய், கூடவே "இதே செட்டில் எடுத்தது" என்று ஆண்டெனா கேலக்ஸிகளின் படம். இப்படி ஒரு விளம்பரம் கண்ணில் பட்டால் பணம் போடாதீர்கள். நான் மன்னார்குடிப் பக்கம். யுபிஐயில் முன்பணம் போட்டு, லாரியில் ஏற்றியதும் மீதியையும் கட்டி, பார்சல் ஆபீஸில் எடுத்து வந்து பிரித்த பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது.

முதலில் அந்தப் படம். ஆண்டெனா என்பது மோதிக்கொண்டிருக்கும் இரண்டு கேலக்ஸிகள், வானியல் பட்டியலில் என்ஜிசி 4038, 4039. வில்லியம் ஹெர்ஷல் 1785-ல் கண்டுபிடித்தது. அஸ்த நட்சத்திரம் என்கிறோமே, அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. மார்ச் கடைசியில் நள்ளிரவு வாக்கில் நம் ஊருக்குத் தெற்கே 60 டிகிரி உயரத்துக்கு வந்துவிடும், டெல்லிக்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மோதும்போது ஈர்ப்பு விசை இழுத்த இழுப்பில் நட்சத்திரங்களும் வாயுவும் வெளியே வீசப்பட்டு இரண்டு நீள வால்களாக நிற்கின்றன, பெயருக்குக் காரணமே அவைதான். 80 மி.மீ. லென்ஸில் யார் எடுத்தாலும் நடுப்பகுதி சின்னதாக, குழைந்துதான் வரும். பல மணி நேர ஃபிரேம்களைச் சேர்த்து ஸ்டாக் செய்தால் வால்கள் மங்கலாகத் தலைகாட்டும். எனக்கு விற்றவர் காட்டிய படத்தில் வாலே இல்லை. ஆனால் நடுவில் புதிதாகப் பிறந்த நட்சத்திரக் கொத்துகள் நீலமும் சிவப்புமாகத் தனித்தனியாகத் தெரிகின்றன! அந்த லென்ஸ் பிரித்துக் காட்டக்கூடியது சுமார் ஒன்றரை ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியை 3600 பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு ஆர்க்செகண்ட்), அதைவிடச் சின்ன விவரம் தனியாகத் தெரியாது. வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்தபோது இதெல்லாம் தெரியவில்லை. பிறகு அவர் வேறு இடத்தில் போட்டிருந்த பெரிய படத்தை ஹப்பிள் விண்வெளி டெலஸ்கோப் எடுத்த படத்தின் மேல் வைத்துப் பார்த்தேன், அச்சு அசல். ஹப்பிள் கேமராவின் பார்வைப் பரப்பு சின்னது, அதனால் மையம் மட்டும்தான் அதில் இருக்கும். ஹப்பிள் படங்களை எடுத்தவர் பெயர் போட்டுவிட்டு யாரும் பயன்படுத்தலாம், அதில் ஒன்றும் தப்பில்லை. இவர் அந்தப் பெயரை வெட்டிவிட்டுத் தன் வாட்டர்மார்க்கைக் குத்தியிருக்கிறார்.

எம்51 என்ற இன்னொரு கேலக்ஸியை எடுத்ததாக அவர் காட்டிய படமும் அப்படித்தான். அதில் பெரிய நட்சத்திரங்கள் ஒவ்வொன்றிலும் நான்கு கதிர்கள் சிலுவையாக நீட்டிக்கொண்டிருந்தன. கண்ணாடி டெலஸ்கோப்பில் இரண்டாம் கண்ணாடியைத் தாங்கும் கம்பிகளால் வருவது அது, லென்ஸ் டெலஸ்கோப்பில் வரவே வராது.

சரி, படம்தான் திருட்டு, சாமானாவது உருப்படியா என்றால் அதுவும் இல்லை. மவுண்டின் அச்சைத் துருவ நட்சத்திரத்தைப் பார்த்து வைக்க வேண்டும். எங்கள் ஊரில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து பத்தரை டிகிரி உயரத்தில்தான் நிற்கும், தென்னந்தோப்புக்கு மேலே தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. இந்த மவுண்டோ 20 டிகிரிக்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது. வாங்கும் முன்பே ஊர் பெயரைச் சொல்லிக் கேட்டதற்கு, "இந்தியாவுல எங்க வேணும்னாலும் ஓடும் சார்" என்றவர் அவர். ஸ்டாண்டின் ஒரு காலைச் சாய்த்து எப்படியோ சரிக்கட்டினால், அரை நிமிட எக்ஸ்போஷரில் நட்சத்திரமெல்லாம் அரிசியாக நீண்டு கிடக்கிறது. போன் செய்தால், "மொட்டை மாடி ஆடும் சார், அதான்" என்று பதில். நெற்களத்தில் கொண்டுபோய் வைத்தும் அதே அரிசிதான். கடைசியில் பம்புசெட் மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் கொடுத்துத் திறந்தோம். பார்த்ததுமே, "தம்பி, இது கீழ விழுந்து ஒடைஞ்ச சாமான். எம்-சீல் வச்சு அடைச்சு, மேல கருப்பு பெயிண்ட் அடிச்சிருக்கான்" என்றார். உள்ளே பல்சக்கரமும் தேய்ந்திருந்தது.

கேமராவில் ஃபேன் சுற்றுகிறது, குளிர்ச்சி மட்டும் இறங்குவதில்லை. நம் ஊர் ராத்திரிப் புழுக்கத்தில் கூலிங் இல்லாத சென்சாரை வைத்துக்கொண்டு அந்த மங்கலான வால்களை எடுக்கப் போனால் படம் முழுக்க இரைச்சல்தான் மிஞ்சும். ஸ்டாண்ட் மட்டும் நல்ல ஸ்டாண்ட், அதையும் சொல்லிவிட வேண்டும்.

திருப்பி அனுப்புகிறேன் என்றதற்கு, போக வர லாரி வாடகை என் தலையில், அதுபோக 30 சதவீதம் பிடித்துக்கொள்வேன் என்றார். மறுத்ததும் நம்பரை பிளாக் செய்துவிட்டார். 1930 என்ற உதவி எண்ணில் சைபர் புகார் கொடுத்திருக்கிறேன், 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்தாயிற்று. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பதால் அடுத்தது திருவாரூர் நுகர்வோர் ஆணையம். அவர் இதைத் தொழிலாகவே செய்கிறார் என்று காட்டினால்தான் அங்கே கேஸ் நிற்கும், அதற்கு இன்னும் ஆள் வேண்டும்.

யாராக இருந்தாலும் பழைய செட் விற்கிறவரிடம் முடித்து மெருகேற்றிய படத்தைக் கேட்காதீர்கள். ஸ்டாக் செய்யாத ஒற்றை ஃபிரேமை, கேமராவிலிருந்து வந்த ஃபைலாகவே, மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். அப்புறம் மவுண்ட் எத்தனை டிகிரி வரை இறங்கும் என்று வீடியோ காலில் இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். இவரிடமே வாங்கி மாட்டியவர்கள் யாராவது இருந்தால் யுபிஐ ரசீது, லாரி ரசீது (எல்.ஆர்.) காப்பி, விளம்பர ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். அதே ஹப்பிள் படத்தோடு நேற்றும் ஒரு விளம்பரம் போட்டிருக்கிறார், விலையை மட்டும் ஏற்றி.