ராத்திரி தங்கினாலும் அவுட்பேஷண்ட்தானாம்: எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் கவனிக்க

அமெரிக்காவில் கையில் பட்டை மாட்டி, கட்டிலில் படுக்கவைத்து, விடிய விடிய டிரிப்ஸ் ஏற்றினாலும் மருத்துவமனைக் கணக்கில் நீங்கள் அவுட்பேஷண்ட்டாக, அதாவது அட்மிட் ஆகாத வெளிநோயாளியாக இருக்கலாம். அப்படித்தான் முழு பில்லையும் என் தலையில் கட்டப் பார்க்கிறார்கள்.

எனக்கு நடந்தது இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன், ஆபீஸில் கொடுத்த இன்சூரன்ஸ். இன்பேஷண்ட் (அட்மிட் ஆகும் உள்நோயாளி) என்று இன்சூரன்ஸின் முன் அனுமதிக் கடிதமே கையில் இருந்தது. சர்ஜனைக் குறை சொல்ல மாட்டேன், நன்றாகவே செய்தார். ஆனால் மறுநாளே அனுப்பிவிடலாம் என்று யாரோ அப்சர்வேஷன் ஆர்டர், அதாவது அட்மிட் செய்யாமல் கண்காணிப்பில் மட்டும் வைக்கும் ஆர்டர் போட்டிருக்கிறார்கள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்சர்வேஷன் என்றால் அவுட்பேஷண்ட் கணக்கு. அனுமதி இன்பேஷண்ட்டுக்கு, மருத்துவமனை அனுப்பிய க்ளெய்ம் அவுட்பேஷண்ட்டுக்கு என்று இன்சூரன்ஸ் கைவிரித்தது. பில்லிங் ஆபீஸில் கேட்டால் இன்சூரன்ஸைக் கேளுங்கள் என்றார்கள், அங்கே கேட்டால் மருத்துவமனையைக் கேட்கச் சொன்னார்கள். நல்ல கூத்து.

அதனால் டிஸ்சார்ஜுக்கு முன்பே, ஆர்டரில் இன்பேஷண்ட் என்று இருக்கிறதா, அனுமதிக் கடிதத்தோடு ஒத்துப்போகிறதா என்று நர்ஸிடமோ கேஸ் மேனேஜரிடமோ கேட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு மாற்றுவது பெரும்பாடு.

அப்பா அம்மா மெடிகேரில் (மூத்தவர்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) இருந்தால் இன்னும் உஷாராக இருங்கள். இன்பேஷண்ட் என்றால் மெடிகேரின் பார்ட் ஏ பிரிவு, 2025இல் அதற்கு டிடக்டிபிள் (முதலில் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை) 1,676 டாலர். அப்சர்வேஷன் என்றால் பார்ட் பி பிரிவு, டிடக்டிபிள் போக பொதுவாக 20 சதவீதம் நம் பங்கு. அது போக, வீட்டில் தினமும் போடும் பிரஷர் மாத்திரையை அங்கே கொடுத்தால் அதற்குப் பெரும்பாலும் பார்ட் பி பணம் தராது, தனியாக பில் வரும்! 24 மணி நேரத்துக்கு மேல் அப்சர்வேஷனில் வைத்தால் நீங்கள் அவுட்பேஷண்ட்தான் என்று சொல்லும் 'மூன்' (MOON) என்ற நோட்டீஸை எழுத்தில் தந்தாக வேண்டும். கையெழுத்துக் கேட்டு நீட்டும் காகிதக் கட்டுக்குள் அதுவும் இருக்கும், படித்துவிட்டுப் போடுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் பயந்துபோய் உடனே பணம் கட்டிவிடாதீர்கள். நோயாளி கட்ட வேண்டிய தொகைதானா என்று இன்சூரன்ஸிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். ஆபீஸ் இன்சூரன்ஸ் என்றால் மறுப்புக் கடிதம் வந்த 180 நாளுக்குள் அப்பீல் போடலாம். நான் அனுமதிக் கடிதத்தின் நகலையும் சர்ஜனிடம் எழுதி வாங்கிய கடிதத்தையும் சேர்த்துப் போட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. மருத்துவமனைக்காரர்கள் மட்டும் மறக்காமல் பில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.