புதுத் திரை போட்டோம் என்று 46,500 ரூபாய் வாங்கினார்கள்: ஹட்டன் பக்கத்து உறவுகள் தயவுசெய்து வாசியுங்கள்

நேற்று இரவு கண்டியிலிருந்து திரும்பிய பிறகு எனக்கு உறக்கமே வரவில்லை. ஹட்டனில் மடிக்கணினி திருத்தும் ஒரு கடையில் 46,500 ரூபாயைக் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். முறைப்பாடு செய்யவிருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. கணினியைக் கடையில் கொடுப்பதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை முடிவில் சொல்கிறேன்.

நான் நோர்வூட் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். 2020ஆம் ஆண்டு வாங்கிய மடிக்கணினிதான் என் வகுப்பறை. பாடக் காணொளிகளை அதிலிருந்து கம்பியில்லாமலே வகுப்பிலுள்ள தொலைக்காட்சிக்கு அனுப்பிக் காட்டுவேன். மூன்று வாரங்களுக்கு முன் திடீரென்று திரை இருண்டது. மூடியைச் சற்றுச் சாய்த்தால் ஒரு கணம் வெளிச்சம் வரும், நிமிர்த்தினால் போய்விடும். எச்டிஎம்ஐ கம்பியைச் செருகினால் தொலைக்காட்சியில் படம் தெளிவாகத் தெரிந்தது. இவை அனைத்தையும் ஒன்றுவிடாமல் அந்தக் கடையில் சொன்னேன்.

கடைக்காரர் மிகவும் தன்மையாகப் பேசினார். "எந்தத் தோட்டம் டீச்சர்?" என்று கேட்டு, தம் தகப்பனாரும் அந்தப் பக்கம்தான் வேலை செய்தார் என்றார். பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்தார். பிறகு கணினியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்ம மலைநாட்டுப் பனிக்கும் ஈரத்துக்கும் போர்டில் பூஞ்சணம் பிடித்துவிடும் டீச்சர், திரையும் போய்விட்டது, உங்களிடம் நான் கூட வாங்குவேனா?" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் நான் விழுந்தேன். புதுத் திரைக்கு 28,000, போர்டு, அதாவது உள்ளே இருக்கும் முதன்மைச் சுற்றுப் பலகை, வேலைக்கு 12,500, கூலி 6,000, ஆக 46,500 ரூபாய். அந்த மாதம் எடுத்த சீட்டுக் காசு முழுவதும் அப்படியே அவர் கைக்குப் போனது.

ஐந்தாம் நாள் கணினியை எடுத்து வந்து, இரவு வீட்டில் திறந்தேன். திரை பளிச்சென்று இருந்தது. ஆனால் வலது கீழ் மூலையில், கடிகாரம் காட்டும் இடத்துக்கு நேர் மேலே, கடுகைவிடச் சிறிய ஒரு பச்சைப் புள்ளி அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. இரண்டு வருடங்களாக நான் தினமும் பார்த்துவந்த அதே புள்ளி, அதே இடம். புதுத் திரைக்குள் என் பழைய புள்ளி எப்படி வந்தது?

மறுநாள் தொலைபேசியில் கேட்டபோது, "புதுத் திரையிலும் அப்படி ஒன்றிரண்டு புள்ளி வரத்தான் செய்யும்" என்றார்கள். பழைய திரையைத் தாருங்கள் என்றால், அது கழிவுக்குப் போய்விட்டதாம்.

இது போதாதென்று, பாடசாலையில் கணினி தொலைக்காட்சியோடு இணைய மறுத்தது. கம்பியில்லாமல் படத்தை அனுப்பும் மிராகாஸ்ட் வசதி இதில் இல்லை என்று செய்தி வந்தது. வீட்டு ரவுட்டர் தரும் இரண்டு வைஃபை அலைவரிசைகளில், வேகமான 5 கிகாஹேர்ட்ஸின் பெயர் பட்டியலிலேயே தெரியவில்லை, 2.4 மட்டுமே தெரிந்தது. பாடசாலை வைஃபையும் என்னை உள்ளே விடவில்லை. பதிவு செய்த கணினிகளை மட்டுமே அங்கே அனுமதிப்பார்கள் என்பதால், கணினி ஆய்வுகூடப் பொறுப்பாசிரியர் தம் கொப்பியை எடுத்துப் பார்த்தார். சென்ற வருடம் என் கணினியில் வைஃபையைப் பிடிக்கும் அட்டையின் பௌதிக முகவரியை, ஒவ்வொரு அட்டைக்கும் தனித்தனியாக இருக்கும் அந்தப் பன்னிரண்டு எழுத்துகளையும், நீல மையில் எழுதி வைத்திருந்தார். இப்போது கணினி காட்டிய முகவரியில் முதல் எழுத்திலிருந்தே எதுவும் பொருந்தவில்லை. முகவரியைத் தானாக மாற்றிக்கொள்ளும் அமைப்பு நிறுத்தப்பட்டிருந்ததையும் அவர் சரிபார்த்தார். உள்ளே இருப்பது வேறு அட்டை. என் அட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டு பழைய மலிவு அட்டை ஒன்றைச் செருகி அனுப்பியிருக்கிறார்கள்.

இரண்டு தடவை நேரில் போனேன். முதல் தடவை, "அது உங்கள் ரவுட்டர் கோளாறு" என்றார்கள். ரவுட்டரில் என் கைத்தொலைபேசிக்கு 5 கிகாஹேர்ட்ஸ் வருகிறதே என்றதும், "அப்படியென்றால் விண்டோஸ் அப்டேட்" என்றார்கள். இரண்டாம் தடவை கடைக்காரர் இல்லை. அங்கிருந்த தம்பி, "அண்ணன் கொழும்புக்குப் போயிருக்கிறார், பில்லைக் காட்டுங்கள்" என்றான். அவர்கள் தந்த துண்டில் "திருத்த வேலை 46,500" என்பதைத் தவிர ஒரு சொல் இல்லை. என்ன மாற்றினார்கள், எதற்கு உத்தரவாதம், எதுவும் இல்லை. அதன் பிறகு என் அழைப்புகளை எடுப்பதே இல்லை.

நேற்று விடுமுறை எடுத்து, கினிகத்தேனை வழியாகக் கண்டிக்குப் போய் வேறொரு திருத்துநரிடம் காட்டினேன். என் முன்னாலேயே திறந்தார். திரையின் பின்புற லேபிளில் 2020 என்றே இருந்தது. கீல் வழியாகத் திரைக்குப் போகும் மெல்லிய கம்பியின் முனை கழன்றிருந்ததை அழுத்திப் பொருத்தி, மேலே மஞ்சள் நாடா ஒட்டியிருக்கிறார்கள். நடந்த வேலை அவ்வளவுதான். மூடியை அசைத்தால் வெளிச்சம் வந்து போவதும், வெளித் திரையில் படம் தெரிவதும் பெரும்பாலும் இந்தக் கம்பியின் குறைதான் என்றும், போர்டைத் தொட்ட அடையாளமே இல்லை என்றும் சொன்னார். பார்த்த கூலி 1,500 ரூபாய். அந்த நாடாத் துண்டுக்கு நான் கொடுத்தது 46,500.

விரிவாக எழுத இப்போது மனம் இல்லை, இவற்றை மட்டும் செய்யுங்கள். கொடுப்பதற்கு முன் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் வைஃபை அட்டையின் பெயரையும், வைஃபை அமைப்புகளில் அதன் பௌதிக முகவரியையும் படம் எடுத்து வையுங்கள். திரை இருண்டால் விண்டோஸ் விசையோடு பி எழுத்தை அழுத்தி, படம் வேறு திரைக்கு மட்டும் போகிறதா என்று பாருங்கள். டோர்ச் அடித்து உற்றுப் பாருங்கள், மங்கலாகப் படம் தெரிந்தால் போயிருப்பது பின்னொளியோ அதன் இணைப்போதான். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். பற்றுச்சீட்டில் ஒவ்வொரு பாகத்தையும் எழுதச் சொல்லுங்கள். நுகர்வோர் அதிகார சபையின் இலக்கம் 1977. கொப்பிப் பக்கத்தின் படத்தையும் 46,500 என்று எழுதிய அந்தத் துண்டையும் கையில் வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை காலை நான் அழைக்கப்போகிறேன்.