சென்டா, ஏரா? மனை வாங்குமுன் எந்த அளவில் கணக்குப் பார்ப்பது

எங்கள் மனைக்குப் பத்திரம் எழுதியபோது, பரப்பைச் சதுர மீட்டரில் எழுதிவிட்டுப் பக்கத்தில் சென்ட் கணக்கையும் போடச் சொன்னோம். இப்போது இடம் தேடும் சொந்தக்காரர்கள் ஏன் அப்படி என்று கேட்பதால் இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்கிறேன். நான் மீட்டர் கட்சி, அதாவது பட்டாவில் வரும் ஏர் என்ற மெட்ரிக் அளவின் கட்சி.

சென்டின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததே. தரகர் பேசுவதும் விலை படிவதும் அதில்தான். சென்னை என்றால் கிரவுண்ட், 2,400 சதுர அடி. பேரத்துக்கு அது போதும்.

சென்டும் காரணத்தோடு வந்த அளவுதான். 66 அடி நீளம், 100 லிங்க் கொண்ட குன்டர் சங்கிலியால் நிலம் அளந்த காலத்தில் 1,000 சதுர லிங்க் ஒரு சென்ட். கணக்கு சுத்தமாக வந்தது. சங்கிலி போய் அடி டேப் வந்ததும் அதே சென்ட் 435.6 சதுர அடி ஆகிவிட்டது.

எனக்கு முடிவைத் தந்தது ஒரே விஷயம்: மனையில் டேப் பிடித்து, பட்டாவோடு சரிபார்க்க எது கைகொடுக்கும்? பட்டாவில் பரப்பு ஹெக்டேர் - ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர். 0 - 01.80 என்றிருந்தால் 180 சதுர மீட்டர். மனை 15 மீட்டருக்கு 12 மீட்டர் இருக்கிறதா, பெருக்கினால் 180, சரி. நின்ற இடத்திலேயே தெரிந்துவிடும். அதையே அடியில் அளந்தால் 49 அடி 2½ அங்குலம், 39 அடி 4½ அங்குலம். அங்குலத்தைத் தசமமாக்கி, பெருக்கி, 435.6-ஆல் வகுத்தால் சுமார் 4.45 சென்ட். அதைத் திரும்ப ஏராக்கினால்தான் பட்டாவோடு ஒப்பிடவே முடியும்.

அங்குலத்தில் இன்னொரு வம்பு. 40 அடி 10 அங்குலத்தைத் துண்டுச்சீட்டில் 40.10 என்று குறிப்பார்கள். கால்குலேட்டரில் அப்படியே தட்டினால் அது 40 அடி 1 அங்குலம் சொச்சம்தான். மறுபக்கம் 60 அடி என்றால் 44 சதுர அடி, அதாவது சென்டில் பத்தில் ஒரு பங்கு, காகிதத்தில் காணாமல் போய்விடும். மீட்டரில் 12 மீட்டர் 45 சென்டிமீட்டர் என்பது 12.45 தான். 5 சென்டிமீட்டரை .05 என்று எழுதுகிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டாவில் 0 - 12.50 என்று பார்த்ததும் பன்னிரண்டரை சென்ட் என்று படிப்பவர்களும் இருக்கிறார்கள். உண்மையில் அது கிட்டத்தட்ட 31 சென்ட். ஏரை 2.47-ஆல் பெருக்க வேண்டும். பழைய புலப்படம் (நில அளவை வரைபடம்) கையில் கிடைத்தால், பக்க அளவுகள் லிங்க்கிலா மீட்டரிலா என்று முதலில் பாருங்கள். ஒரு லிங்க் சுமார் 20 சென்டிமீட்டர்தான்.

கட்டட வேலையில் நான் மீட்டருக்கு வாதாட மாட்டேன். கொத்தனாருக்குச் சுவர் ஒன்பது அங்குலம், அறை பத்துக்குப் பன்னிரண்டு. அவர் கைக்குப் பழகிய அளவிலேயே சொல்வதுதான் நல்லது.

தஞ்சைப் பக்கத்துக் குழி, மா கணக்கில் எனக்கு அனுபவம் இல்லை, அங்கே நான் நிலம் வாங்கியதில்லை. 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா என்பது அங்கத்திய வழக்கு. குழியின் அளவு ஊருக்கு ஊர் மாறும். 144 சதுர அடிக் குழி என்றால் ஒரு மா ஏறக்குறைய 13.4 ஏர். விலைப் பேச்சு மாவிலேயே நடக்கட்டும், ஆனால் முன்பணம் கொடுக்குமுன் மீட்டர் டேப்பைப் பிடித்துவிடுங்கள்.