நூறு டாலர் பெய்ட்காஸ்டர்: இரண்டு வருஷம் கழித்து

டல்லாஸ் பக்கம் குடிவந்த மூன்றாவது வருஷம் எனக்கு மறுபடியும் தூண்டில் ஆசை வந்தது. ஊரில் வாய்க்கால் மதகில் உட்கார்ந்து, மூங்கில் கழியில் நரம்பு கட்டி, மயிலிறகுத் தண்டைத் தக்கையாக்கி, மண்புழு கோத்துக் கெண்டையும் கெளுத்தியும் பிடித்த கை இது. பாஸ் மீன் பிடிப்பதெல்லாம் என்ன பெரிய வித்தை என்ற நினைப்பில் தேங்க்ஸ்கிவிங் தள்ளுபடியில் 99 டாலருக்கு ராடும் (தூண்டில் கழி) ரீலும் (நூல் சுற்றும் கருவி) சேர்ந்த ஒரு செட்டை வாங்கி வந்தேன். “ஏங்க, ஆபீஸ்லதான் பாஸ், லீவுலயும் பாஸா?” என்றாள் மனைவி. அந்த ஜோக் இரண்டு வருஷமாக வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை, கொஞ்சம் திட்டவும் வேண்டியிருப்பதால். ஆனால் கடையில் போய்ப் பார்த்தால் இதே அமைப்பில் நாலைந்து கம்பெனிகளின் செட் வரிசையாக நிற்கும், அதனால் நான் சொல்வது உங்களுக்கு எப்படியும் உதவும். ராட் ஏழடி, ஒரே துண்டு, மீடியம் ஹெவி, ஃபாஸ்ட் ஆக்‌ஷன். அதாவது முதுகு விறைப்பு, நுனி மட்டும் வளையும். ரீல் பெய்ட்காஸ்டர் வகை, கியர் 7.1:1. ஹேண்டிலை ஒரு சுற்று சுற்றினால் நூல் சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூல் ஏழு தடவைக்கு மேல் சுற்றி, முக்கால் மீட்டர் அளவுக்கு நூலை இழுத்துக்கொள்ளும். ஏழடி ஒரே துண்டு என்பது கடையில் நிற்கும்போது அழகாகத்தான் இருக்கும், காரில் ஏற்றும்போதுதான் தெரியும். பின் சீட்டை மடக்கி, நுனியை டேஷ்போர்டு வரை நீட்டி, பக்கத்தில் உட்காருபவர் கழுத்தைச் சாய்த்துக்கொண்டே வர வேண்டும்.

மீனைப் பற்றி ரெண்டு வரி. இங்கே எல்லாரும் துரத்துகிற லார்ஜ்மவுத் பாஸுக்கும் நம் ஊர்க் கொடுவாவுக்கும் பெயரில் மட்டும்தான் உறவு. கொடுவாவை ஆங்கிலத்தில் சீபாஸ் என்பார்கள், ஆனால் அது வேறு குடும்பம். இது சன்ஃபிஷ் குடும்பத்து நன்னீர் மீன். குணத்தில் விரால்தான் நெருக்கம்: புல்லோரம், மரக்கட்டை நிழல், படகுத்துறைத் தூணுக்கு அடியில் அசையாமல் நின்றுகொண்டு, எதிரில் வருவதை ஒரே உறிஞ்சலில் வாய்க்குள் இழுத்துவிடும். விராலுக்குத் தவளை கட்டிப் போட்டவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

எனக்கு ரீல்தான் பிடிபடவில்லை. ஸ்பின்னிங் ரீலில் ஸ்பூல் சும்மா நிற்கும், நூல் அதன் விளிம்பைத் தாண்டி உருவிக்கொண்டு போகும். பெய்ட்காஸ்டரில் ஸ்பூலே சுழன்று நூலை விடும். நூல் நுனியில் கட்டிய போலி இரையான லூர் பறக்கிற வேகத்தைவிட ஸ்பூல் சுழல்கிற வேகம் கூடினால், வெளியே போக இடமில்லாத நூல் ரீலுக்குள்ளேயே பொங்கி, வளையம் வளையமாக ஒன்றுக்குள் ஒன்று புகுந்து குருவிக்கூடு மாதிரி ஆகிவிடும். முதல் நாள் ஏரிக்கரையில் நான் எறிந்தது பதினைந்து தடவை, அதில் பதினொன்று கூடு. மனைவியின் ஊக்கை வாங்கி, ஒவ்வொரு வளையமாக நெம்பி இழுத்துக்கொண்டு நின்றேன். அதற்குள் நெருப்பெறும்பு காலில் ஏறிவிட்டது. டெக்சாஸில் கரையில் நிற்பவர்கள் முதலில் காலுக்குக் கீழே பாருங்கள், அப்புறம் தண்ணீரைப் பாருங்கள்.

ரெண்டு மாதம் இப்படியே போனது. ரீல் குப்பை, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று முடிவே செய்துவிட்டேன். அப்போதுதான் எங்கள் அபார்ட்மெண்டில் இருக்கும் மதுரைக்கார அண்ணன் ஒருவர், இருபது வருஷமாக இங்கே மீன் பிடிப்பவர், ராடை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். “தம்பி, கைப்பிடிக்கு மேல பொடி எழுத்துல ஏதோ எழுதியிருக்கே, படிச்சியா?” படிக்கவில்லை. லூர் கால் அவுன்ஸிலிருந்து முக்கால் அவுன்ஸ் வரை என்று இருந்தது, கிராம் கணக்கில் சொன்னால் ஏழு முதல் இருபத்தொன்று. நூலின் பலம் 10 முதல் 20 பவுண்டு. நான் கட்டி எறிந்துகொண்டிருந்தது மூன்று கிராம் சொச்சம் இருக்கிற குட்டி லூர், சிறுசு என்றால் மீன் சுலபமாகக் கடிக்கும் என்று நானே செய்துகொண்ட கணக்கு. மூன்று கிராமுக்கு அந்த ராட் வளையவே வளையாது. வளையாத ராட் லூரைத் தள்ளாது, லூருக்கு ஸ்பூலை இழுக்கிற கனமும் இருக்காது, ஆகவே என் தோள்பட்டை போட்ட வேகம் முழுவதும் ஸ்பூலுக்குள்ளேயே போய்க் கூடு கட்டியிருக்கிறது.

அன்றைக்கே அண்ணன் அரை அவுன்ஸ் லூர் ஒன்றைக் கட்டினார். ஹேண்டில் பக்கம் இருக்கும் சின்னத் திருகைச் சரிசெய்தார்: பட்டனை அமுக்கி விட்டால் லூர் மெதுவாக இறங்க வேண்டும், தரையைத் தொட்டதும் ஸ்பூல் நின்றுவிட வேண்டும், அந்த அளவுக்கு இறுக்கம். மறுபக்கம் இருக்கும், ஸ்பூலின் வேகத்தை அடக்குகிற காந்த பிரேக்கை எட்டில் வைத்தார். அப்புறம் செய்த வேலைதான் பிரமாதம். ஒரு தடவை நீளமாக எறிந்து, அதற்கு மேல் இன்னும் பத்து மீட்டர் நூலைக் கையால் உருவிவிட்டு, ஸ்பூலில் மிச்சமிருக்கும் நூல் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, மறுபடி சுற்றினார். எவ்வளவு மோசமான கூடு விழுந்தாலும் டேப்புக்குக் கீழே போகாது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரியாது. லூர் தண்ணீரைத் தொடுவதற்கு ஒரு நொடி முன்னால் கட்டைவிரலால் ஸ்பூலைத் தொட்டு நிறுத்த வேண்டும், எதிர்காற்றில் பிரேக்கைக் கூட்ட வேண்டும், பழகும்வரை சாதாரண மோனோ (நைலான்) நரம்பு போதும். ஃப்ளூரோகார்பன் நரம்பு விறைப்பானது, சிக்கு விழுந்தால் மடிந்து அந்த இடத்திலேயே பலம் போய்விடும். நான் முதல் நாளே இருபது டாலர் ஃப்ளூரோகார்பனைச் சுற்றி வைத்திருந்தேன்.

சரி, செட்டுக்கு வருவோம். ராட் நல்ல ராட். இந்த விலைக்கு இதைவிட எதிர்பார்க்க எனக்கு மனசு வரவில்லை. மீன் வாயில் முள் பாய்ச்ச இழுத்தால் முதுகு அப்படியே வேலை செய்கிறது, மீன் புல்லுக்குள் தலையை நுழைத்தாலும் இழுத்து வெளியே எடுக்க முடிகிறது. கார்க் கைப்பிடியில் அங்கங்கே பொட்டு உதிர்ந்திருக்கிறது, அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கெட்டது நூல் ஓடுகிற நுனி வளையம். எட்டாவது மாதம் அதன் உள்ளே இருக்கும் செராமிக் வளையம் கழன்று விழுந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. உலோக விளிம்பில் நூல் உரசி உரசி, ஒரு நல்ல மீன் கரைக்கு வந்த நேரத்தில் பட்டென்று அறுந்தது. கம்பெனிக்கு எழுதினால், ராடைப் பார்சல் செய்து அனுப்பு, அனுப்பும் செலவு உன்னுடையது என்றார்கள். ஏழடிக் குழாயைப் பார்சல் அனுப்புகிற காசுக்குப் பாதி ராட் வாங்கிவிடலாம். கடையில் சில டாலருக்கு நுனி வளையம் தனியாகவே கிடைக்கிறது. பழையதை லைட்டரில் லேசாகச் சுட்டால் பசை இளகி வந்துவிடும், புதியதைச் சூடான பசையில் செருகி, மற்ற வளையங்களோடு நேர்கோட்டில் இருக்கிறதா என்று ஒற்றைக்கண்ணால் பார்த்துத் திருப்பிவிட வேண்டியதுதான். பத்து நிமிட வேலை.

ரீல் சுமார். காந்த பிரேக்கில் பத்து எண் இருக்கிறது, ஆறுக்கு மேல் எதில் வைத்தாலும் எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை. ஒரு வருஷத்தில் நூலை இடமும் வலமும் பரப்பிவிடுகிற பகுதி கீச்சிட ஆரம்பித்தது, ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் ஒரு மாதம் சும்மா இருக்கும். ஹேண்டிலில் இப்போது அரைக்கால் சுற்றுக்குப் பின்னாட்டம் வந்திருக்கிறது, முள் பாய்ச்சும்போது கையில் ‘டக்’ என்று தட்டுகிறது. மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கிற டிராக் மட்டும் குறை சொல்ல முடியாதபடி வழவழப்பாக விடுகிறது. அரை அவுன்ஸுக்கு மேல் எறிந்தால் இந்த ரீல் தங்கம், கால் அவுன்ஸில் தடுமாறும், அதற்குக் கீழே தொடவே தொடாதீர்கள். சின்ன லூர்தான் எறிவேன் என்பவர்கள் இந்தப் பக்கம் வராமல் 2500 அளவு ஸ்பின்னிங் ரீலும் மீடியம் ராடும் வாங்கிக்கொள்ளுங்கள். நானும் ஆறு மாதம் கழித்து அதை வாங்கிவிட்டேன், கணக்கை வீட்டில் காட்டவில்லை.

லூர் வாங்கிய கதை இதைவிடக் கேவலம். கடையில் ஒரு சுவர் முழுக்கத் தொங்கும், ஒவ்வொன்றுக்கும் கண், செதில், வயிற்றில் சிவப்புத் தீற்று. குழந்தைகள் பொம்மைக் கடையில் நிற்பது போல நின்றேன். வாயில் பிளாஸ்டிக் தகடு வைத்த கிராங்க்பெய்ட் நாலு, தகடு சுழலும் ஸ்பின்னர்பெய்ட் ரெண்டு, ரப்பர் தவளை ஒன்று. கிராங்க்பெய்ட் ரெண்டு முதல் வாரத்திலேயே தண்ணீருக்கடியில் இருந்த மரத்துக்குக் காணிக்கையாகிவிட்டது, மும்முள் ரெண்டு வெளியே தொங்கினால் கட்டையைப் பிடிக்காமல் என்ன செய்யும்? தவளை கோடை விடியலில் பாசி மேல் இழுத்தால் நெஞ்சு நின்றுபோகிற மாதிரி அடி வாங்கும், ஆனால் எனக்கு மாட்டியது ரெண்டே ரெண்டு. பத்துக்கு எட்டு மீனை நான் பிடித்தது எட்டு டாலருக்குப் பத்து என்று பாக்கெட்டில் வரும் ஐந்து அங்குலப் பிளாஸ்டிக் புழுவில். பார்த்தால் பேனா மாதிரி ஒரு குச்சி, அவ்வளவுதான்.

அதை டெக்சாஸ் ரிக் என்கிற முறையில் கட்டுவேன், கட்டுகிற ஊரிலேயே இருந்துகொண்டு வேறெதைக் கட்டுவது. தோட்டா வடிவ ஈயக்குண்டை முதலில் நூலில் கோத்து, 3/0 அளவு வளைந்த கழுத்து முள்ளைக் கட்டி, புழுவின் தலையில் அரை அங்குலம் குத்தி வெளியே எடுத்து, முள்ளைத் திருப்பி, கூர் முனையைப் புழுவின் உடம்புக்குள்ளேயே ஒளித்துவிட வேண்டும். முனை வெளியே தெரியாததால் புல், கட்டை எதிலும் மாட்டாது. எறிந்துவிட்டு இழுக்கவே கூடாது, மூழ்க விட வேண்டும். நூல் லேசாகத் தொய்ந்து தண்ணீரில் கிடக்கும், அதையே பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு சமயம் அது பக்கவாட்டில் மெல்ல நகர ஆரம்பிக்கும். இழுப்பு இல்லை, தட்டல் இல்லை, யாரோ நூலைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துபோவது மாதிரி. அப்போது தொய்வைச் சுற்றி எடுத்துவிட்டு ஒரே இழுப்பு. கலங்கல் தண்ணீருக்குக் கறுப்பு-நீலம், தெளிந்த தண்ணீருக்குப் பாசிப் பச்சை, இந்த ரெண்டு நிறம் தவிர மிச்சமெல்லாம் நம் திருப்திக்குத்தான். குறை என்றால், இந்த வகைப் புழு மெத்தென்று இருப்பதால் ரெண்டாவது மீனுக்கே கிழிந்துவிடும். கிழிந்ததைத் தண்ணீரில் வீசாதீர்கள், பையில் போட்டு எடுத்து வாருங்கள்.

இந்தப் பிளாஸ்டிக் புழுவுக்கே ஒரு பூர்வீகம் உண்டு. 1949-இல் ஒஹையோவின் ஆக்ரன் ஊரில் நிக் கிரீம் என்பவர் வீட்டு அடுப்படியில் வார்த்து விற்க ஆரம்பித்தது, பிற்பாடு கம்பெனி டெக்சாஸின் டைலருக்கு வந்தது. டைலரிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் லேக் ஃபோர்க் ஏரி. போன வசந்தத்தில் அண்ணனின் படகில் அங்கே போனேன். தண்ணீருக்கு வெளியே நிற்கிற பட்டமரம் மட்டுமே ஒரு காடு. அங்கே பாஸ் 16 அங்குலத்துக்குக் கீழே இருந்தால் வைத்துக்கொள்ளலாம், 24-க்கு மேல் என்றால் ஒன்று வைத்துக்கொள்ளலாம், நடுவில் இருப்பதைத் திரும்ப விட்டுவிட வேண்டும். என் புழுவுக்கு வந்தது 19. கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பிடித்துத் தூக்கினேன், உப்புத்தாள் மாதிரி பல் விரல் தோலைச் சுரண்டியது, ஒரு போட்டோ, அவ்வளவுதான், தண்ணீருக்குள் போய்விட்டது. பாஸில் டெக்சாஸ் ரெக்கார்டும் இதே ஏரியில்தான், 1992 ஜனவரியில் 18.18 பவுண்டு, நம் கணக்கில் எட்டேகால் கிலோ. லூர் விற்பவர்கள் பெரிதாகச் சொல்லாத விஷயம் ஒன்று: பிடித்தவர் கிராப்பி என்ற சின்ன மீனுக்காக உயிருள்ள பொடிமீனைக் கோத்துப் போட்டிருந்தார்.

டெக்சாஸ்வாசிக்கு நன்னீர் லைசென்ஸ் 30 டாலர், ஆகஸ்ட் 31-உடன் முடியும், அதனால் ஜூலையில் வாங்காதீர்கள். 17 வயதுக்குக் கீழே லைசென்ஸ் வேண்டாம். ஸ்டேட் பார்க் கரையில் நின்று பிடித்தால் பெரியவர்களுக்கும் வேண்டாம், நுழைவுக் கட்டணம் மட்டும். ரே ராபர்ட்ஸ் ஏரி ஸ்டேட் பார்க் எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்குள்.

பெண்ணுக்கு ஒன்பது வயசு, அவளுக்கு இந்தச் செட்டைக் கொடுத்துப் பார்த்தேன், கட்டைவிரல் எட்டவில்லை. பட்டனை அமுக்கி விட்டால் போகிற ஜெப்கோ 33 வாங்கிக் கொடுத்தேன். 1954-இலிருந்து இருக்கிற ரீல், எண்ணெய்க் கிணற்றுக்கு வெடி செய்துகொண்டிருந்த கம்பெனியின் தயாரிப்பு என்று சொன்னதும் அவளுக்கு அதன் மேல் தனி மரியாதை. போன சனிக்கிழமை தக்கை கட்டிப் புழு கோத்து, ஒரு மணி நேரத்தில் உள்ளங்கை அளவு சன்ஃபிஷ் ஏழு எடுத்தாள். நான் அந்த நேரத்தில் காற்றுக்கு எதிராக எறிந்துவிட்டு, ஊக்கும் கையுமாக நின்றிருந்தேன். “அப்பா, இதுல சிக்கே விழ மாட்டேங்குது, வேணுமா?” என்று நீட்டினாள்.