மடக்கு வலைக்கூடு: ஆற்று கிரேஃபிஷுக்கு இது போதுமா?

இங்கிலாந்து ஆறுகளில் கிரேஃபிஷ், அதாவது நன்னீர்ச் சிங்கி இறால், பிடிக்கப் புதிதாகக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் வாங்குவது மடக்கு வலைக்கூடு. ஸ்பிரிங் வளையங்களின்மேல் நைலான் வலை போர்த்திய உருளை அது. இரண்டு முனையிலும் உள்நோக்கிய புனல் வாய், நடுவில் இரை வைக்க ஒரு ஜிப் பை. அழுத்தினால் தட்டையாக மடங்கும், ஒரு தோள்பையில் நாலைந்து அடங்கும். விலையும் குறைவு. கோடையில் இரண்டு மூன்று முறை போடுகிறவருக்கு இது போதும், ஆனால் வாங்கியபடியே தண்ணீரில் இறக்கக் கூடாது.

முதலில் டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். கூடு 600 மி.மீ. நீளத்தையும் 350 மி.மீ. அகலத்தையும் தாண்டக் கூடாது. வலைக்கண் 30 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. நுழைவாய் அதிகபட்சம் 95 மி.மீ. கடைசி அளவுதான் முக்கியம். அதைவிடப் பெரிய வாய்க்குள் நீர்நாய் நுழைந்துவிடும், திரும்ப வர முடியாமல் மூழ்கிச் சாகும். துணி வாய் இழுத்தால் விரியும், ஆகவே விரித்துப் பிடித்தே அளக்க வேண்டும். குடை மாதிரி விரியும் பல வாய்க் கூடுகள் 350 மி.மீ. அகலத்துக்குள் அடங்காதவை; ஆற்றுக்கு அவை வேண்டவே வேண்டாம்.

கூடு சரியாக இருந்தாலும் இங்கிலாந்தின் அரசுச் சுற்றுச்சூழல் அமைப்பான என்விரான்மென்ட் ஏஜென்சியின் எழுத்துபூர்வ அனுமதியும், கரைக்கு உரிமையாளரின் சம்மதமும் இல்லாமல் போட முடியாது. ஏஜென்சி தரும் அடையாள வில்லை ஒவ்வொரு கூட்டிலும் இருக்க வேண்டும். இது இங்கிலாந்துக்கான விதி. ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு, அதே கூட்டை அங்கே எடுத்துப் போய்ப் போட்டுவிட வேண்டாம்.

இனி குறைகள். பெரிய குறை புனல் வாய்தான். இரண்டு புனல்களின் உள்முனைகளையும் ஒரு மெல்லிய கயிறு எதிரெதிராக இழுத்துப் பிடித்திருக்கும். இரண்டு மூன்று தடவை மடக்கி விரித்தால் அந்த முடிச்சு தளரும். உள்வாய் தொங்கித் தரையைத் தொட்டுவிட்டால் உள்ளே போனது நடந்தே வெளியே வந்துவிடும். காலையில் இரை காலி, கூடும் காலி என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். கயிற்றை அவிழ்த்துவிட்டு, தடித்த தூண்டில் நரம்பால் இறுக்கிக் கட்டுங்கள். உள்வாய் கூட்டின் நடு உயரத்தில், எங்கும் ஒட்டாமல் நிற்க வேண்டும்.

இரைப்பை அடுத்தது. அது பக்கவாட்டு வலையோடு ஒட்டித் தைக்கப்பட்டிருந்தால், கிரேஃபிஷ் உள்ளே வராமலே வெளியிலிருந்து கொடுக்கை நீட்டிக் கிழித்துத் தின்றுவிடும். சிறு கண் உள்ள பையில் இரையைக் கட்டி நட்டநடுவில் தொங்கவிட்டால் அந்த வம்பு இல்லை. ஜிப்பில் மணல் சிக்கிப் பல் பிசகும் என்பதால் மேலே ஒரு கிளிப்பும் போட்டுவிடுங்கள். எடையே இல்லாத கூடு என்பதால் நீரோட்டத்தில் உருளும். உள்ளே ஒரு கிலோ அளவில் தட்டையான கல் வைத்தால் அசையாது.

இரைக்குக் கானாங்கெளுத்தி போன்ற எண்ணெய்ப் பசையுள்ள கடல் மீனின் தலை நல்லது. புதிதாக இருக்கட்டும், அழுகலைத்தான் விரும்பும் என்பது தவறு. வேறு ஆற்றின் மீனை இரையாக வைத்தால் நோயையும் சேர்த்தே கொண்டுவருவீர்கள். வாசனை ஓட்டத்தோடு கீழே போகும், கிரேஃபிஷ் அதைப் பிடித்துக்கொண்டு எதிர்நீரில் ஏறி வரும். எனவே கூட்டை ஓட்டத்துக்கு இணையாக, ஒரு வாய் கீழ்நோக்கி இருக்கும்படி, வேர்களும் கற்களும் உள்ள கரையோர மெதுநீரில் படுக்க வையுங்கள். இரவில் நடமாடும் உயிர், மாலையில் போட்டுக் காலையில் எடுப்பதே வழக்கம். எப்படியும் 24 மணி நேரத்துக்குள் பார்த்தாக வேண்டும். தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே போனால் நடமாட்டம் குறையும். அப்போது கூட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

எடுத்ததும் கொடுக்கின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சிவப்பாக இருந்து, மேலே கொடுக்கு மூட்டில் வெளிர்நீலமோ வெள்ளையோ ஒரு திட்டு இருந்தால் அது வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட சிக்னல் கிரேஃபிஷ். அதைத் திரும்ப ஆற்றில் விடுவது குற்றம். அடி மங்கிய வெள்ளையாக இருந்தால் உள்ளூர் வெண்கொடுக்கு இனமாக இருக்கலாம். 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் காக்கும் உயிர் அது, அங்கேயே உடனே விட்டுவிட்டு ஏஜென்சிக்குத் தகவல் சொல்லுங்கள். சிக்னலை உயிரோடு வீட்டுக்குக் கொண்டுபோகவும் கூடாது. ஐஸ் கலந்த நீரில் அசைவற்றுப் போகும்வரை வைத்து, கரையிலேயே கூர்கத்தியால் நடுக்கோட்டில் பிளந்து, ஐஸில் வைத்து எடுத்துப் போய் அன்றே சமைத்துவிடுங்கள். தாமதித்தால் சதை குழைந்துவிடும்.

மென்வலையில் சிக்கிய கொடுக்கை விடுவிப்பது பொறுமையைச் சோதிக்கும். வெடுக்கென்று இழுத்தால் கொடுக்கும் போகும், வலையும் கிழியும். கெட்டிக் கம்பிக்கூட்டில் இந்தத் தொல்லையே கிடையாது.

கம்பிக்கூட்டை உயர்வாகச் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் சுத்தம். சிக்னல் கிரேஃபிஷ் சுமந்து வரும், கிரேஃபிஷ் பிளேக் என்ற கொள்ளைநோயை உண்டாக்கும் பூஞ்சை போன்ற நுண்ணுயிர் வெண்கொடுக்கு இனத்தையே அழித்துக்கொண்டிருக்கிறது. அதன் வித்துகள் ஈரமான கூட்டிலேறி அடுத்த ஆற்றுக்குப் போய்விடும். கம்பிக்கூட்டை உதறிக் கழுவினால் சீக்கிரம் காயும். மடக்குக் கூட்டில் தையல் ஓரமும் வளையத்தைச் சுற்றிய துணியும் தொட்டால் காய்ந்தது போலிருக்கும், பிழிந்தால் ஈரம் வரும். 45 டிகிரி வெந்நீரில் 15 நிமிடம் முழுதாக முக்கி வைத்து, விரித்தபடியே தொங்கவிட்டு, தையலும் உலர்ந்த பிறகு இன்னும் 48 மணி நேரம் விடுங்கள். வாரம் தவறாமல் வெவ்வேறு ஆறுகளில் போடுகிறவர்கள் கம்பிக்கூட்டையே வாங்கட்டும். மடக்குக் கூடுதான் கையில் இருக்கிறதென்றால் ஒரே ஆற்றுக்கென்று ஒதுக்கிவிடுங்கள்.