விமானி ஆகும் வழிகள்: எந்த வழியில் மனம் தளராமல் நிற்கும்?

பாளையங்கோட்டையிலிருந்து தூத்துக்குடிச் சாலையில் போகிறவர்கள் வாகைக்குளம் விமான நிலையத்தின் வேலியோரம் வண்டியை நிறுத்தி, சென்னையிலிருந்து வரும் விமானம் இறங்கும்வரை பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுப் போவதை இன்றும் காணலாம். என் தங்கை மகன் அப்படி நின்று பார்த்தவன். இரண்டு பக்கமும் விசிறி சுழல ஓர் ஏடிஆர் விமானம் தரையைத் தொட்டதை ஏழாம் வகுப்பு வயதில் பார்த்தபோது பிடித்த ஆசையை அவன் விடவேயில்லை. பிளஸ் டூ முடித்த நான்கரை ஆண்டுகளில் வணிக விமானி உரிமமும் வாங்கிவிட்டான். அந்த நான்கரை ஆண்டுகளும் தாய்மாமன் என்ற முறையில் அவன் கூடவே இருந்தவன் என்பதால், இப்போது பிளஸ் டூ பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் வந்து, "எந்த வழியில சேர்த்தா நல்லது அண்ணாச்சி?" என்று கேட்கிறார்கள். செலவு எவ்வளவு, சம்பளம் எவ்வளவு என்பதோடு அவர்கள் கேள்வி முடிந்துவிடுகிறது. பிள்ளையின் மனம் எத்தனை நாள் தாங்கும் என்று யாரும் கேட்பதில்லை.

மருமகன் மனம் உடைந்துபோன நாள்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். அவன் பறந்த நாள் ஒன்றுகூட அந்தக் கணக்கில் இல்லை. எல்லாம் காத்திருந்த நாள்கள். ஆகவே விமானி ஆகும் வழிகளை நான் ஒப்பிடுவது ஒரே அளவுகோலை வைத்துத்தான்: ஒவ்வொரு வழியிலும் காத்திருப்பு எங்கே வருகிறது, அது யார் கையில் இருக்கிறது, அந்த நாள்களில் பிள்ளையின் கையில் செய்வதற்கு என்ன வேலை இருக்கிறது.

பயணிகள் விமானத்தை ஓட்ட விரும்புகிறவர் எங்கே படித்தாலும் இந்தியாவில் விமானத் துறையைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ கேட்கும் தகுதிகள் பொதுவானவை. வயது 18 நிறைந்திருக்க வேண்டும். உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளுக்குள் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் பயிற்றுநர் பொறுப்பில் அல்லாமல் தானே விமானத்தின் பொறுப்பை ஏற்றுப் பறந்ததாக இருக்க வேண்டும். வான்வழிச் செலுத்தம் (நேவிகேஷன்), வானிலை, விமான விதிகள், தொழில்நுட்பம் ஆகிய தாள்களில் 70 விழுக்காடு எடுத்தால்தான் தேர்ச்சி; வானொலித் தொடர்புக்குத் தனித் தேர்வு உண்டு. நாளுக்கு ஒரு மணி நேரம் பறந்தால் ஏழு மாதத்துக்குள் முடிந்துவிட வேண்டிய இந்த 200 மணி நேரம் பலருக்கு ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் இழுப்பது ஏன் என்பதைத்தான் முதல் வழியில் நாங்கள் கற்றுக்கொண்டோம்.

முதல் வழி உள்நாட்டுப் பயிற்சிப் பள்ளி. மருமகனை வட மாநிலம் ஒன்றில் இருந்த ஒரு பள்ளியில் சேர்த்தோம். சேரும்போது எட்டு விமானங்கள் என்றார்கள். அவன் போய்ப் பார்த்தபோது மூன்றுதான் பறந்துகொண்டிருந்தன. மற்றவை உதிரிபாகத்துக்காக ஹேங்கர் என்ற விமானக் கொட்டகைக்குள் நின்றன. பறக்கிற விமானமும் 50 மணி நேரத்துக்கு ஒரு முறை, 100 மணி நேரத்துக்கு ஒரு முறை என்று பராமரிப்புச் சோதனைக்குள் போய்விடும். மார்கழியிலும் தையிலும் கங்கைச் சமவெளியில் இறங்கும் மூடுபனி காலை நேரத்தை விழுங்கிவிடும். இவற்றுக்கு நடுவே பயிற்றுநர் ஒருவருக்கு விமான நிறுவனத்தில் வேலை கிடைத்துவிட்டால், அவரிடம் பயின்ற மாணவர்கள் எல்லோரும் அடுத்தவருடைய வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். விடுமுறைக்கு வந்தபோது அவன் காட்டிய, பறந்த நேரத்தைப் பதிந்துவைக்கும் லாக்புக்கை நான் மறக்கவில்லை. நீளவாக்கில் விரிந்த அந்தக் கெட்டி அட்டைப் புத்தகத்தில், பக்கத்தின் அடியில் மொத்த நேரம் எழுதும் கட்டத்தில், ஐப்பசி மாதம் அவன் எழுதியிருந்த 61 மணி 20 நிமிடம் தை பிறந்த பிறகும் 61 மணி 20 நிமிடமாகவே இருந்தது. அந்த மாதங்களில் தினமும் இரவு எட்டு மணிக்கு அழைப்பான். "மாமா, இன்னைக்கும் லிஸ்ட்ல எம் பேரு இல்ல. ரூம்லதான் கெடக்கேன்" என்பான். "சாப்ட்டியாலே?" என்று கேட்பதைத் தவிர எனக்கும் வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை.

இந்த வழியின் காத்திருப்பு பிள்ளையின் கையில் இல்லை என்பதே இதன் பெரிய குறை. ஆனால் இதை ஓரளவு முன்கூட்டியே அறிய முடியும் என்பதால் உள்நாட்டுப் பள்ளி வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். விளம்பரத்தை வைத்துவிட்டு, அங்கே ஓராண்டுக்கு முன் சேர்ந்த மாணவனின் லாக்புக்கைப் பார்க்க வேண்டும். பெற்றோர் ஒருவர் நேரில் போய், விடியற்காலையில் ஓடுபாதை ஓரம் நின்று, எத்தனை விமானங்கள் வெளியே வருகின்றன என்று இரண்டு நாள் எண்ண வேண்டும். லட்சக்கணக்கில் பணம் கட்டும் முன் அந்த இரண்டு நாளைச் செலவழிக்க நாங்கள் தவறிவிட்டோம். மைய அரசின் விமானிப் பயிற்சிப் பள்ளியான உடான் அகாடமி உத்தரப் பிரதேசத்தின் ஃபுர்சத்கஞ்சில் இருக்கிறது. அங்கே நுழைவுத் தேர்வு எழுதித்தான் சேர முடியும். நுழைவுத் தேர்வு என்றாலே நம் பெற்றோர் தயங்குகிறார்கள், நானோ அதை நல்லதாகவே பார்க்கிறேன். போட்டியிட்டுப் பெற்ற இடத்தை மனம் அவ்வளவு எளிதில் விடாது.

இரண்டாவது வழி வெளிநாடு. அரிசோனா, புளோரிடா போன்ற பகுதிகளில் ஆண்டின் பெரும்பகுதி வானம் தெளிவாக இருப்பதாலும் விமானங்களின் எண்ணிக்கை அதிகம் என்பதாலும் மணி நேரம் வேகமாக ஏறும். பறக்கும் காலத்தில் ஊக்கத்துக்குக் குறைவிருக்காது. காத்திருப்பு அங்கே இல்லை என்று நினைத்துத்தான் பலர் போகிறார்கள், உண்மையில் அது இடம் மாறிக்கொள்கிறது. விசாவுக்கு முன்னால் கொஞ்சம், திரும்பி வந்தபின் நிறைய. அங்கே பெற்ற உரிமத்தை இந்திய உரிமமாக மாற்றினால்தான் இங்குள்ள நிறுவனங்களில் வேலை கிடைக்கும். அதற்கு டிஜிசிஏ தேர்வு எழுத வேண்டும், ஆவணங்கள் சரிபார்க்கப்பட வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பையன் ஒன்பது மாதத்தில் எல்லாம் முடித்துவிட்டு மாலையும் கழுத்துமாக வந்து இறங்கினான். அதன்பிறகு பதினான்கு மாதம் வீட்டுக்குள் உட்கார்ந்து விதிகளையும் வானிலையையும் படித்தான். தனியாக விமானம் ஓட்டிப் பழகிவிட்ட ஒருவன் மறுபடியும் பள்ளிப் பிள்ளை மாதிரி மேசைமுன் உட்காருவது எவ்வளவு கடினம் என்பதை அவன் முகத்தில் கண்டேன். கல்யாண வீட்டுக்குப் போனால் "என்னப்பா, இன்னும் வேலைக்குப் போகலியா?" என்று கேட்பார்கள் என்று அவன் போவதையே நிறுத்திவிட்டான். வெளிநாட்டுக்குத்தான் போவது என்று முடிவெடுத்தவர்கள், இந்தியத் தேர்வுகளை முடித்துவிட்டு விமானம் ஏறினால் இந்தக் காத்திருப்பின் பெரும்பகுதி குறைந்துவிடும்.

விமான நிறுவனங்கள் தாமே ஆள் எடுத்து, பயிற்சிப் பள்ளியோடு சேர்ந்து நடத்தும் கேடட் திட்டங்கள் மூன்றாவது வழி. பாதை முழுவதும் போடப்பட்டிருக்கும். உரிமம் வாங்கியபின் ஏர்பஸ் ஏ320 போன்ற குறிப்பிட்ட விமானத்துக்கான டைப் ரேட்டிங் பயிற்சியும் அதிலேயே அடங்கும். படை சாராத இந்த மூன்று சிவில் வழிகளில் காத்திருப்பு மிகக் குறைவு இதில்தான். விலைதான் இடிக்கிறது: ஒரு கோடியை ஒட்டியோ அதற்கு மேலேயோ போய்விடும். நாங்கள் உள்நாட்டுப் பள்ளிக்கே சேரன்மகாதேவிப் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருந்த நஞ்சையை விற்றோம். ஒவ்வொரு முறை தேர்வு எழுதும்போதும் அந்த வயல் கண்முன் வந்துபோகும் என்று மருமகன் பின்னால் என்னிடம் சொன்னான். கடன் பிள்ளையை உழைக்க வைக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை அது உழைக்க வைத்ததைவிடப் பயப்பட வைத்ததுதான் அதிகம். பயத்தோடு விமானத்தில் ஏறுகிறவன் தவறைப் பயிற்றுநரிடம் ஒப்புக்கொள்ளத் தயங்குவான், அந்தத் தொழிலில் அது ஆபத்து. வீட்டின் அடித்தளத்தை அசைக்காமல் பணம் கட்ட முடிகிறவர்களுக்கு மட்டுமே இந்த வழியைச் சொல்வேன்.

நான்காவது வழிக்குப் பணமே தேவையில்லை; அதனாலேயே நம் பக்கத்துப் பிள்ளைகள் இதை இன்னும் அதிகமாகக் கவனிக்க வேண்டும். இந்திய விமானப்படைக்குள் நுழைய, பிளஸ் டூ முடிக்கும் தறுவாயில் என்டிஏ எனப்படும் தேசிய பாதுகாப்பு அகாடமிக்கான தேர்வு எழுதலாம்; வயது பதினாறரைக்கும் பத்தொன்பதரைக்கும் இடையில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு நடக்கிறது, பெண்களும் எழுதுகிறார்கள். பட்டம் பெற்றவர்களுக்கு விமானப்படையின் பொது நுழைவுத் தேர்வான ஏஎஃப்கேட் இருக்கிறது. அதற்கு 20 முதல் 24 வயது. வணிக விமானி உரிமம் வைத்திருப்பவருக்கு 26 வரை தளர்வு உண்டு என்பதால், சிவில் வழியில் போனவருக்கும் கொஞ்ச காலம் இந்தக் கதவு திறந்தே இருக்கிறது. எழுத்துத் தேர்வில் தேறியவர்கள் மைசூரு போன்ற இடங்களில் நடக்கும் ஐந்து நாள் தேர்வு வாரியத்துக்குப் போக வேண்டும். விமானம் ஓட்டும் இயல்பைக் கணினிவழி அளக்கும் சோதனையை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் எழுத முடியும். அதில் தவறினால் படையில் விமானியாகும் வாய்ப்பு அத்தோடு முடிந்தது.

கேட்பதற்குக் கொடுமையாகத் தோன்றும் இந்த ஒரே வாய்ப்பு, மனத்தைப் பொறுத்தவரை ஒரு வகையில் நல்லது என்பது என் எண்ணம். பதில் விரைவாகவும் தெளிவாகவும் வந்துவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் நம்பிக்கைக்கும் ஏமாற்றத்துக்கும் நடுவே ஊசலாட வைப்பதில்லை. என்டிஏ வழியில் தேர்வானால் புணே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள அந்த அகாடமியில் மூன்று ஆண்டு, பிறகு ஹைதராபாத்துக்கு அருகே துண்டிகலில் பறப்புப் பயிற்சி என்று காலை முதல் இரவுவரை நாள் நிறைந்திருக்கும். கூடப் படிக்கும் நூறு பேரும் அதே பாட்டைப் படுவதால் சோர்வைத் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் படையில் சேர்வது விமானம் ஓட்ட மட்டுமல்ல. பறப்பதை மட்டும் விரும்பி, படை வாழ்க்கையை விரும்பாத பிள்ளையை இலவசம் என்பதற்காக அங்கே தள்ளக் கூடாது.

இந்த நான்கோடு சேர்த்துப் பேச வேண்டிய இன்னொரு முடிவு உண்டு: பிளஸ் டூ முடித்ததும் நேராகப் போவதா, பட்டப்படிப்பை முடித்துவிட்டுப் போவதா. வயது போய்விடும் என்று அவசரப்படுகிறார்கள். பாளையங்கோட்டையில் கல்லூரிக்குப் பஞ்சமில்லை. வீட்டிலிருந்தபடி இயற்பியலோ கணிதமோ படித்துக்கொண்டே டிஜிசிஏ தாள்களை ஒவ்வொன்றாக எழுதிவிட்டுப் போகிற பிள்ளைக்கு, பயிற்சிப் பள்ளியில் பறப்பதற்கான காத்திருப்பு மட்டுமே மிஞ்சும். பறக்காமல் இரண்டு மாதம் போனாலும் 'நான் ஒன்றுமே செய்யவில்லை' என்ற எண்ணம் வராது.

மருமகன் இதைத் தாமதமாகத்தான் கண்டுபிடித்தான். 61 மணி 20 நிமிடத்தில் நின்றுபோனவன் ஒரு கட்டத்தில் வீட்டுக்கே வந்துவிட்டான். இரண்டு வாரம் யாரோடும் பேசவில்லை. பிறகு தினமும் மாலையில் மதுரை, திருவனந்தபுரம் இரண்டு விமான நிலையங்களின் வானிலை அறிக்கையையும் கைப்பேசியில் எடுத்துவைத்துக்கொண்டு மாடிக்கு ஏறினான். மெட்டார் எனப்படும் அந்த அறிக்கை ஒரே வரிதான்; காற்று எந்தத் திசையிலிருந்து மணிக்கு எத்தனை கடல்மைல் (நாட்) வேகத்தில் அடிக்கிறது, பார்வைத் தூரம் எவ்வளவு, மேகத்தின் அடிப்பகுதி எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்பதையெல்லாம் அந்த வரியிலிருந்து பிரித்துப் படிக்க வேண்டும். ஒருநாள் என்னையும் மேலே கூப்பிட்டான். அது ஆடி மாதம். மேற்கே மலைமேல் கருமேகம் சுவர்போல நின்றது. எங்கள் மாடியில் ஒரு துளி இல்லை, துணியைப் பறித்துக்கொண்டு போகும் காற்று மட்டும் அடித்தது. "திருவனந்தபுரத்துல மழை, மேகம் தாழ இருக்கு மாமா. மதுரையில ஒண்ணுமே இல்ல. தென்மேற்குக் காத்து ஈரத்தையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிட்டு, செங்கோட்டைக் கணவாய் வழியா இந்தப் பக்கம் வெறும் காத்தா வருது. கயத்தாறுல காத்தாடி சுத்துறதும் இதுலதான். இந்தக் காத்து ஓடுபாதைக்குக் குறுக்கே அடிச்சா விமானத்த எப்படி எறக்கணும்னு இப்பச் சொல்லுதேன்" என்று கையையே இறக்கையாக விரித்துக் காட்டினான். வானிலைத் தாளில் அவன் 88 எடுத்தது அதற்கு அடுத்த தேர்வில்.

உரிமம் கைக்கு வந்ததும் காத்திருப்பு முடிந்துவிடும் என்று எண்ணுகிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிவில் வழிகள் மூன்றுக்கும் பொதுவானது வேலைக்கான காத்திருப்பு. 2012-இல் கிங்ஃபிஷர் நின்றது, 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ், 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்ட். 2020-இல் கொரோனாவால் உள்நாட்டு விமானங்களே இரண்டு மாதம் பறக்கவில்லை. அதே 2023-இல்தான் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. இத்துறை இப்படித்தான் ஏறி இறங்கும். பிள்ளை உரிமம் வாங்கும் மாதம் ஏற்றத்தில் அமையுமா இறக்கத்தில் அமையுமா என்பதை எந்தப் பள்ளியும் சொல்ல முடியாது. கையில் ஒரு பட்டம் இருந்தால் அந்த இடைவெளியில் ஒரு வேலைக்காவது போகலாம். மருமகன் இப்போது அந்த இடைவெளியில்தான் இருக்கிறான். பட்டம் முடிக்காமல் போய்விட்டோமே என்பது அவனுக்குள்ள ஒரே வருத்தம். மாலையில் இரண்டு பிள்ளைகளுக்கு வான்வழிச் செலுத்தம் சொல்லிக்கொடுக்கிறான், வணிக விமானிகள் ஆண்டுதோறும் எடுக்க வேண்டிய கிளாஸ் 1 மருத்துவச் சோதனையைத் தவறாமல் எடுக்கிறான்.

போன மாதம் பக்கத்து வீட்டு அம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிளஸ் டூ கணிதப் பிரிவு, பதினேழு வயது, தகப்பனார் இல்லை, தைத்துப் பிழைக்கும் வீடு. அந்தப் பெண்ணுக்கு நான் சொன்ன வரிசை இது: வரும் தேர்விலேயே என்டிஏவுக்கு விண்ணப்பிக்க வேண்டும், பத்தொன்பதரை தாண்டினால் அந்தக் கதவு மூடிவிடும். அது கிடைக்காவிட்டால் இங்கேயே கல்லூரியில் சேர்ந்து 60 விழுக்காட்டுக்குக் குறையாமல் பட்டம் எடுத்துக்கொண்டு ஏஎஃப்கேட் எழுத வேண்டும். சிவில் வழியைப் பற்றி யோசிப்பது அதற்குப் பிறகுதான். அப்போதும் கடன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன், தொடக்கநிலையான கிளாஸ் 2 மருத்துவச் சோதனையை முடித்துவிட வேண்டும், கண்ணிலோ காதிலோ குறை இருந்தால் அது பணம் கட்டுவதற்கு முன் தெரிந்துவிடட்டும். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்ட அந்தப் பெண் கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்: "மைசூருக்கு எந்த ரயில் மாமா?"